காதில் பாட்டோடு போட்டியில் ஓடலாமா? விதி பார்ப்பது முன்வரிசையை, ஆபத்து இருப்பது பின்வரிசையில்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2009 அக்டோபரில் நடந்த லேக்ஃப்ரண்ட் மாரத்தானில், பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. தண்ணீர் நிலையம் இல்லாத இடத்தில் தெரிந்தவர் நீட்டிய தண்ணீரை வாங்கினார் என்று தகுதி நீக்கம் செய்தார்கள். அடுத்து வந்தவர் வெற்றியாளர் ஆனார். அதுவும் நிலைக்கவில்லை. ஓட்டத்தின் பிற்பகுதியில் கொஞ்ச தூரம் அவர் ஐபாடில் பாட்டுக் கேட்டபடி ஓடியது தெரியவந்து, அவரையும் நீக்கினார்கள். பட்டம் மூன்றாவதாக வந்தவருக்குப் போனது.

தண்ணீரும் பாட்டும் ஒரே விதியின்கீழ் எப்படி வந்தன? ஒரு போட்டியில் தடை, இன்னொன்றில் "தவிர்ப்பது நல்லது" என்ற வேண்டுகோள், மூன்றாவதில் விதியே இல்லை என்று ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது? குழப்பத்துக்குக் காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கேட்பதுதான். பாட்டுக் கேட்பது நியாயமா என்பது ஒன்று. அதனால் பலன் உண்டா என்பது இரண்டாவது. ஆபத்தா என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஒரே ஆளுக்குக்கூட ஒரே விடை வருவதில்லை.

விதி எதைத் தடுக்கப் பார்க்கிறது?

உலகத் தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெடிக்ஸின் தொழில்நுட்ப விதிகளில் 6-ஆவது விதி, ஓடுபவர் போட்டியின்போது பெறும் 'உதவி' பற்றியது. பழைய விதிப்புத்தகத்தில் இதன் எண் 144. போட்டி நடக்கும் பகுதிக்குள் எதெல்லாம் உதவி, எதெல்லாம் உதவி இல்லை என்று இது பட்டியல் போடுகிறது. நம் விஷயத்துக்கு மூன்று வரிகள் முக்கியம்.

1. வீடியோ கருவி, ரேடியோ, சிடி, ஒலிபரப்பி, மொபைல் போன், இவை போன்றவற்றைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதே தடை.

2. இதயத்துடிப்பு, வேகம், தூரம் காட்டும் கருவிகளை உடலில் கட்டிக்கொள்ளலாம். இன்னொருவரோடு தொடர்புகொள்ள அவை பயன்படக் கூடாது என்பது நிபந்தனை.

3. ஓடுதள விளிம்பில் வேகத்தைக் காட்டியபடி நகரும் விளக்குகளுக்கு அனுமதி உண்டு.

முதல் வரியைப் பார்த்தால் பாட்டு என்ற சொல்லே இல்லை என்பது புரியும். விதியை எழுதியவர்களின் கவலை, பயிற்சியாளர் ஓரமாக நின்று "அடுத்த கிலோமீட்டரில் வேகத்தைக் கூட்டு, பின்னால் வருபவள் களைத்துவிட்டாள்" என்று காதுக்குள் சொல்லிவிடுவாரோ என்பதுதான். பாட்டு மட்டும் ஓடும் கருவி எது, பயிற்சியாளரின் குரல் வரும் கருவி எது என்று மாரத்தானின் 42 கிலோமீட்டர் நெடுகிலும் நடுவர் நின்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே வலையில் போட்டுவிட்டார்கள்.

பாட்டே ஓர் உதவிதான் என்ற வாதமும் உண்டு. ஹெய்லே கெப்ரசெலாசி 1998-இல் பர்மிங்ஹாமில் 2,000 மீட்டர் உள்ளரங்க உலக சாதனையை 4:52.86 என்ற நேரத்தில் படைத்தபோது, அவர் விரும்பிய வேகமான பாப் பாட்டு ஒன்று அரங்க ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தாளத்துக்குக் கால் வைப்பது அவருக்குப் பிடித்த உத்தி. சாதனை செல்லும். ஒலிபெருக்கிப் பாட்டு களத்தில் உள்ள எல்லோருக்கும் கேட்கிறது, விளிம்பு விளக்கு எல்லோருக்கும் தெரிகிறது என்பதால் இரண்டும் தப்பிக்கின்றன. காதுக்குள் ஓடும் தாளம் ஒருவருக்கு மட்டும் சொந்தம். நியாயம் பற்றிய வாதத்தில் வலுவான பகுதி இதுதான்.

மீறினால் என்ன ஆகும்? உலக விதிப்படி நடுவர் முதலில் எச்சரிக்க வேண்டும். மறுபடி செய்தால்தான் தகுதி நீக்கம். இது ஓடுதளத்தில் சரிப்படும். சாலை ஓட்டத்தில் முதல் எச்சரிக்கையைத் தரவே நடுவர் பக்கத்தில் இருக்கமாட்டார். படமும் புகாரும் போட்டி முடிந்தபிறகுதான் வந்து சேரும்.

அமெரிக்கா போட்ட தடையும் தளர்த்திய விதமும்

அமெரிக்கத் தடகள அமைப்பு, தன் விதிகளின்கீழ் நடக்கும் ஓட்டங்களில் இசைக் கருவிகளை 2007-இல் முழுவதுமாகத் தடுத்தது. பாதுகாப்பு, நியாயம் என்று இரண்டு காரணங்களையும் சேர்த்தே சொன்னது. பல்லாயிரம் பேர் ஓடும் போட்டியில் இதை யார் அமல்படுத்துவது? தொடக்கக் கோட்டில் ஒவ்வொரு காதாகப் பார்க்க ஆள் கிடையாது. பெரும்பாலான அமைப்பாளர்கள் விதியைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள்.

2008 இறுதியில் விதி தளர்ந்தது. தகவல் பெற முடியாத, பாட்டு மட்டும் கேட்கும் கருவிகளை அனுமதிப்பதா வேண்டாமா என்பதைப் போட்டி நடத்துபவரே முடிவு செய்யலாம். சாம்பியன்ஷிப்பில் பதக்கத்துக்கோ பரிசுத் தொகைக்கோ ஓடுபவர்களுக்கு மட்டும் தடை தொடரும் என்றானது. மில்வாக்கி சம்பவம் இந்தத் தளர்வுக்குப் பின்னர் நடந்தது. கூட்டத்துக்கு ஒரு விதி, பரிசுக்காரருக்கு ஒரு விதி என்று பிரிந்த பிறகு, ஓட்டத்தின் நடுவில் ஒருவர் கூட்டத்திலிருந்து பரிசுப் பட்டியலுக்கு ஏறினால் என்ன செய்வது என்பதை அது காட்டிக் கொடுத்தது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே 2016 முதல் விதி சாலையைப் பார்த்து எழுதப்பட்டது. நடுவில் தடுப்பு இல்லாத சாலை முழுமையாகப் போக்குவரத்துக்கு மூடப்படாவிட்டால், அதில் நடக்கும் ஓட்டத்தில் ஹெட்போன் கூடாது. மருத்துவர் பரிந்துரைத்த காதுக் கருவிக்கு விலக்கு. காதுத் துளையை அடைக்காத எலும்புவழி ஹெட்போனைப் போட்டி நடத்துபவர் அனுமதிக்கலாம். ஓடுபவர் யார் என்று பார்க்காமல் எங்கே ஓடுகிறார் என்று பார்க்கும் இந்த முறைதான் இரண்டில் புத்திசாலித்தனமானது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் விவாதமே கிடையாது: உலக டிரையத்லான் அமைப்பும் அயர்ன்மேன் போட்டிகளும் ஹெட்போனை மொத்தமாகத் தடுத்திருக்கின்றன. சைக்கிள் பகுதியை நினைத்தால் காரணம் விளங்கும்.

நீங்கள் பரிசுக்கு ஓடுகிறீர்களா? பலருக்கே தெரிவதில்லை

"நான் என்ன ஜெயிக்கவா போகிறேன்" என்று சொல்லி இயர்பட் மாட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்தியச் சாலை ஓட்டங்கள் பலவற்றில் ஒட்டுமொத்தப் பரிசு போக வயதுப் பிரிவுப் பரிசும் உண்டு. 55 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் அரை மாரத்தானில் மொத்தமே சில பத்துப் பேர்தான் ஓடுவார்கள் என்றால், நிதானமாக ஓடும் ஒருவர்கூட மேடை ஏறும் தூரத்தில்தான் இருக்கிறார். பிரிவில் நான்காவதாக வந்தவர் புகைப்படத்தோடு புகார் கொடுத்தால் அமைப்பாளருக்கு வேறு வழி இருக்காது.

ஆகவே பதிவுப் படிவத்தில் மூன்று இடங்களைத் தேடிப் படிக்க வேண்டும். விதிமுறைப் பக்கத்தில் "உலகத் தடகள விதிகள் பொருந்தும்" என்ற வரி இருக்கிறதா? ஹெட்போன் பற்றித் தனி வரி இருக்கிறதா, இருந்தால் அது தடையா வேண்டுகோளா? வயதுப் பிரிவுப் பரிசு உண்டா? முதல் வரியும் மூன்றாவதும் இருந்து நடுவில் உள்ளது இல்லாவிட்டால், தடை என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

பாட்டு உண்மையில் என்ன செய்கிறது?

இசையும் உடற்பயிற்சியும் பற்றிய ஆய்வுகள் நிறைய. லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கராகியோர்கிஸ் இத்துறையில் பல ஆண்டுகளாக உழைப்பவர். அவரும் சகாக்களும் 2020-இல் 139 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மனநிலை நன்றாகிறது, செயல்திறன் ஓரளவு கூடுகிறது, களைப்பாகத் தோன்றுவது கொஞ்சம் குறைகிறது, இதயத்துடிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதாவது உடலின் உழைப்பு பெரிதாக மாறுவதில்லை. அந்த உழைப்பு எப்படித் தோன்றுகிறது என்பதில்தான் பாட்டு அதிகம் கை வைக்கிறது.

அது வேலை செய்யும் வழிகள் இவை:

1. கவனம் திருப்புதல். மூளை ஒரே சமயத்தில் கவனிக்கக்கூடியதற்கு ஓர் அளவு உண்டு. பாட்டு அதில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால், தொடை எரிச்சலும் மூச்சு வாங்குவதும் அந்த அளவுக்கு ஒதுங்கிப் போகும்.

2. தாளத்தோடு கால் சேர்தல். ஒரு நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையைக் கேடன்ஸ் என்பார்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அது பெரும்பாலும் 160 முதல் 180 வரை. நிமிடத்துக்கு 85 தாளம் உள்ள பாட்டில் ஒரு தாளத்துக்கு இரண்டு அடி வைத்தால் 170 வந்துவிடும்.

3. உசுப்புதல். ஓடத் தொடங்கும் முன்னரே மனத்தைக் கிளப்பிவிடுதல்.

இதில் முதல் வழிக்கு ஒரு வரம்பு உண்டு. நிதான வேகத்தில், அதாவது ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடியும் நிலையில், பாட்டு நன்றாகவே எடுபடும். ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாத அளவுக்கு வேகம் ஏறிவிட்டால் உடலின் குரல் பாட்டை அமுக்கிவிடும். அந்த நிலையில் களைப்பு உணர்வைப் பாட்டால் குறைக்க முடியாது. விளைவு, பலர் நினைப்பதற்கு நேர்மாறு. 5 கிலோமீட்டரை முழு மூச்சில் ஓடுபவருக்குப் பாட்டால் கிடைப்பது குறைவு. ஐந்தரை மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவருக்குக் கிடைப்பது அதிகம். மோர்கன், பொல்லாக் என்ற இருவர் 1977-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது: முதல்தர மாரத்தான் வீரர்கள் ஓடும்போது தங்கள் மூச்சையும் தசையையும் கண்காணித்தபடி இருந்தார்கள், மற்றவர்கள் மனத்தை வேறெங்காவது அனுப்பிவிட்டு ஓடினார்கள். முன்வரிசையில் ஓடுபவருக்குப் பக்கத்தில் ஓடுபவரின் மூச்சும் காலடி ஓசையும்கூடத் தகவல்தான். அதை அடைத்துக்கொண்டு ஓட அவர்களுக்கு ஆசையும் இருக்காது.

இரண்டாவது வழி கைகொடுப்பது போலவே காலையும் வாரும். ஒரு கணக்கு. 4 மணி நேரத்தில் மாரத்தான் முடிக்க, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 வினாடி என்று ஓட வேண்டும். கேடன்ஸ் 170 என்றால் ஒவ்வோர் அடியும் ஏறத்தாழ 1.03 மீட்டர். தொடக்கத்தில் கூட்ட உற்சாகம் வேறு. நிமிடத்துக்கு 88 தாளம் உள்ள பாட்டு காதில் ஓடுகிறது என்று வையுங்கள். அடியின் நீளம் மாறாமல் கேடன்ஸ் மட்டும் 176 ஆனாலே வேகம் 5:30 ஆகிவிடும். நிமிடத்துக்கு வெறும் ஆறு அடிதான் கூடியது. முதல் 10 கிலோமீட்டரில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக "லாபம்". அந்த லாபத்துக்காகத் தசையில் சேமித்த எரிபொருளான கிளைகோஜனை முன்கூட்டியே எரித்திருப்பீர்கள். 32-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு வட்டியோடு கட்ட வேண்டிவரும். மூச்சுச் சத்தம் கேட்டிருந்தால் வேகம் கூடியது தெரிந்திருக்கும். அதுவும் கேட்கவில்லை.

காது எதை இழக்கிறது?

"ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன், இன்னொன்று திறந்திருக்கிறதே" என்பது மிகப் பரவலான சமாதானம். அமைப்பாளர்கள் சிலரே இதைப் பரிந்துரைக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. காது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் அவ்வளவு நியாயமாக இல்லை.

ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை ஒரு காது தனியாகச் சரிவரச் சொல்ல முடியாது. வலப்பக்க ஓசை வலக்காதுக்கு முதலில் போகும். இடக்காதுக்குப் போய்ச்சேர அதிகபட்சம் 0.7 மில்லிவினாடி அளவுக்குத் தாமதமாகும். கூர்மையான ஓசைகளைத் தலை மறைப்பதால், தூரத்துக் காதில் அவை மெலிந்தும் கேட்கும். இந்த நேர வித்தியாசத்தையும் சத்த வித்தியாசத்தையும் ஒப்பிட்டுத்தான் மூளை திசையைக் கணக்கிடுகிறது. வலக்காதை ரப்பர் முனை உள்ள இயர்பட்டால் அடைத்துவிட்டால், எந்த ஓசையும் இடப்பக்கத்திலிருந்து வருவது போலவே தோன்றும். பின்னால் வலப்புறமாக வரும் மோட்டார்பைக்கின் ஹாரன் கேட்கும். இடப்பக்கம் வருகிறது என்று நினைத்து ஓடுபவர் வலப்புறம் ஒதுங்குவார். வண்டிக்கு நேர் எதிரே.

இரண்டு காதையும் அடைத்தால் கதையே வேறு. நன்றாகப் பொருந்திய ரப்பர் முனை வெளிச்சத்தத்தை 20 டெசிபல் அளவுக்குக் குறைக்கக்கூடியது. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஓசை 6 டெசிபல் குறையும். 20 டெசிபல் என்பது 10 மடங்கு தூரம். பாட்டின் சத்தத்தை மாற்றாமலே வைத்துக்கொள்வோம். திறந்த காதுக்கு 50 மீட்டரில் பாட்டை மீறிக் கேட்கும் ஹாரன், அடைத்த காதுக்கு 5 மீட்டரில்தான் மீறும். வண்டி 40 கி.மீ. வேகத்தில் வருகிறது, நீங்கள் பத்தரை கி.மீ. வேகத்தில் அதே திசையில் ஓடுகிறீர்கள் என்றால், இடைவெளி வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் சுருங்கும். 50 மீட்டர் என்றால் ஆறு வினாடி. 5 மீட்டர் என்றால் ஒரு வினாடிகூட இல்லை. ஹாரனே அடிக்காத, இன்ஜின் சத்தமும் இல்லாத மின்சார ஸ்கூட்டரை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கருவிகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்:

1. ரப்பர் முனை இயர்பட். அடைப்பு அதிகம். சத்தம் நீக்கும் வசதியும் ஓடிக்கொண்டிருந்தால் போட்டிக்கு ஆகவே ஆகாது.

2. அதே இயர்பட்டில் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி. மைக் வழியாக வாங்கி மறுபடி ஒலிக்கிறது. கேட்கும், ஆனால் திசை உணர்வு மங்கலாகலாம். ஓடும்போது மைக்கில் காற்று மோதி இரைச்சல் வரும். பேட்டரி தீர்ந்தால் மிஞ்சுவது வெறும் காதடைப்பான்.

3. காதின் வெளியே கவ்வி நிற்கும் திறந்த ரகம். அடைப்பு இல்லை. பாட்டின் சத்தத்தைக் குறைவாக வைத்தால் ஏற்கத்தக்கது.

4. எலும்புவழி ஹெட்போன். காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் அதிர்ந்து உள்காதுக்கு ஓசையைக் கொண்டுபோகிறது. துளை முழுவதும் திறந்திருக்கும்.

நான்காவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. துளை திறந்திருந்தாலும், பாட்டும் ஹாரனும் கடைசியில் போய்ச்சேருவது ஒரே உள்காதுதான். பாட்டின் சத்தம் அதிகமானால் அங்கேயே ஹாரனை அமுக்கிவிடும். தாழ்சுருதி சரியாகக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவது எலும்புவழி ஹெட்போன்காரர்களின் வழக்கமான பழக்கம். மனம் பாட்டில் லயித்துப்போவதை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது என்பது வேறு.

சத்தத்துக்கும் அளவு உண்டு. வேலையிடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரைப்படி 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம். வழிநெடுக மேளமும் ஒலிபெருக்கியும் இருக்கும் ஓட்டத்தில், அவற்றை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போனால், மாரத்தான் முடிவதற்குள் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும்.

வண்டி மட்டும்தான் ஆபத்தா?

முழுக்க மூடிய சாலையிலும் கேட்க வேண்டியவை உண்டு. ஆம்புலன்ஸ் ஓட்டப் பாதையிலேயே வரும். "இடது பக்கம் விடுங்க" என்று பின்னால் வரும் வேகமானவர் சொல்வார். அரை மாரத்தானும் முழு மாரத்தானும் பிரியும் இடத்தில் தன்னார்வலர் கத்துவார். அதைத் தவறவிட்டவர்கள் 21 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பதிவு செய்துவிட்டுக் கூடுதலாக ஓடியிருக்கிறார்கள். மிக மோசமான இடம் தண்ணீர் நிலையம். முன்னால் ஓடுபவர் சட்டென்று கோப்பைக்காகக் குறுக்கே பாய்வார்; பின்னால் வருபவர் காதில் பாட்டோடு அதே நேர்கோட்டில் வந்து மோதுவார். தரை வேறு ஈரமாக, கோப்பைகளோடு வழுக்கும்.

எந்தச் சாலையில், எந்த நேரத்தில்?

நம் ஊர் ஓட்டங்கள் வெயிலுக்குப் பயந்து அதிகாலை இருட்டிலேயே தொடங்குகின்றன. பல இடங்களில் சாலையின் ஒரு பக்கத்தை மட்டும் கூம்பு வைத்துப் பிரித்து ஓட்டக்காரர்களுக்கு விடுவார்கள். மறுபக்கம் வண்டிகள் ஓடும். முதல் வண்டியோடு ஓடும் முன்வரிசைக்குப் பாதை காலியாக இருக்கும், போலீஸ் இருக்கும், நெரிசல் நேரமும் தொடங்கியிருக்காது. நேரம் போகப் போகக் கூம்புகளைக் கடைசி வண்டி எடுத்துக்கொண்டே வரும். குறுக்குச் சாலைகளில் காத்திருந்த பைக்குகள் பொறுமை இழந்து நுழையும். ஐந்தரை மணி நேரத்தில் முடிப்பவர் கடைசி 10 கிலோமீட்டரை ஓடுவது பாதி திறந்த சாலையில்.

சிக்கலே இங்கேதான். பாட்டு யாருக்கு அதிகம் உதவுகிறதோ, அவருக்குத்தான் சாலை அதிகம் ஆபத்தாக இருக்கிறது. அந்த ஆளைப் பற்றி உலக விதி கவலைப்படுவதில்லை. அது முன்வரிசையின் நியாயத்தைப் பார்க்க எழுதப்பட்டது. வேண்டுகோள் என்ற பெயரில் பின்வரிசைக்கு விட்டுவைத்த சலுகை, சலுகையே இல்லை.

முடிவை இப்படி எடுக்கலாம்:

1. ஒட்டுமொத்தப் பரிசு, வயதுப் பிரிவுப் பரிசு எதற்காவது வாய்ப்பு இருந்தால்: எந்தக் கருவியும் வேண்டாம்.

2. சாலை முழுவதும் மூடியிருக்காவிட்டால்: காதை அடைக்கும் எதுவும் வேண்டாம், ஒற்றைக் காதிலும் வேண்டாம். அமைப்பாளர் அனுமதித்தால் எலும்புவழி அல்லது திறந்த ரகம், கூம்புகள் இருக்கும்வரை மட்டும். கூம்பு முடிந்த இடத்தில் பாட்டும் முடிய வேண்டும்.

3. முழுக்க மூடிய சாலை, பரிசு வாய்ப்பு இல்லை என்றால்: திறந்த ரகம். பக்கத்தில் ஓடுபவர் சாதாரணக் குரலில் பேசினால் புரியும் அளவுக்குச் சத்தம்.

4. காட்டுப்பாதை ஓட்டத்தில் ஒற்றையடிப் பாதை வரும் இடங்களில் கழற்றிவிட வேண்டும். முந்துவதற்கு வழி கேட்பவரின் குரல்தான் அங்கே ஹாரன்.

5. வேகம் காட்டி ஓடும் பேஸர்கள் எந்தச் சாலையிலும் மாட்டக் கூடாது. அவரை நம்பிப் பின்னால் ஒரு கூட்டமே வருகிறது.

மாட்டித்தான் ஆவேன் என்பவர்களுக்கு

முதல் 5 கிலோமீட்டருக்குப் பாட்டு வேண்டாம். நெரிசலும் அதிகம், வேகம் தப்பும் அபாயமும் அதிகம்; உற்சாகத்துக்கோ அங்கே குறைவில்லை. மாரத்தானில் 20-க்கு மேல், மனம் சலிக்கத் தொடங்கும் இடத்தில் போடுவது பயனுள்ளது. உசுப்பும் பாட்டுகளைத் தொடங்கும் முன் உடலைச் சூடேற்றும்போது கேட்டு முடித்துவிடலாம். அதற்கு எந்த விதியும் குறுக்கே வராது, காதுக்கும் ஆபத்தில்லை. பாட்டின் பலனில் ஒரு பங்கு அங்கேயே கிடைத்துவிடும்.

பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். தொடக்கக் கோட்டில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே கோபுரத்தைப் பிடித்திருக்கும்போது இணையப் பாட்டு சுழன்றுகொண்டே நிற்கும். ப்ளூடூத் அலையை மனித உடலில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும். போனைப் பின்னிடுப்புப் பையில் வைத்தால் பாட்டு விட்டுவிட்டு வரும், மேல்கையில் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். பேட்டரி ஐந்து மணி நேரம் என்றால், தொடங்கும் முன் காத்திருக்கும் முக்கால் மணி நேரத்தையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றினால் தொடு பொத்தான்கள் தாமாகவே பாட்டை நிறுத்தும், யாருக்காவது அழைப்புக்கூடப் போடும். செயலியில் தொடு வசதியை அணைத்துவிட்டு ஓடுவது நல்லது. கருவி எவ்வளவு நீர் தாங்கும் என்று காட்டும் குறியீடுகளில், ஐபிஎக்ஸ்4 என்பது தெறிக்கும் நீருக்கும் வியர்வைக்கும் போதும். குடம் கவிழ்ப்பவர்கள் ஐபிஎக்ஸ்7 பார்க்க வேண்டும்.

இயர்பட் கீழே விழுந்தால் நின்று குனியாதீர்கள். கையைத் தூக்கிக் காட்டியபடி ஓரம் போய், கூட்டம் கடந்தபிறகு திரும்பி வாருங்கள். கிடைக்காவிட்டால் போகட்டும்.

அமைப்பாளர்கள் செய்ய வேண்டியது

"ஹெட்போன் தவிர்க்கப்பட வேண்டும்" என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. எந்த ரகக் கருவி, பாதையின் எந்தப் பகுதியில், யாருக்குத் தடை. மீறினால் எச்சரிக்கையா, பரிசு ரத்தா, முடிவுப் பட்டியலிலிருந்து நீக்கமா. வயதுப் பிரிவுக்கும் அது பொருந்துமா, புகார் கொடுக்க எத்தனை மணி நேரம்: இவ்வளவையும் பதிவுக்கு முன்னால் எழுதிவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் சாலை மூடல் எத்தனை மணிக்கு நீங்குகிறது என்ற நேரத்தை வழிகாட்டிக் குறிப்பில் அச்சிட வேண்டும். போலீஸ் அனுமதிக் கடிதத்தோடு அந்த அட்டவணை அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.